தங்கத்துக்குச் சரியான தராசு

1

இன்றைக்கு நவம்பரின் முதற் சனிக்கிழமை. போன வருஷம் இதே சனியில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஒன்றரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கிற ஒரு சூட்டுத் திடலில், நான் நிறுத்துப் போட்ட மருந்து என் மகள் ஷரோனின் முகத்தில் வெடித்தது.

மருந்து என்றால் துவக்கு மருந்து, துப்பாக்கி வெடிக்குள் போடுகிறது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் "உவனுக்குக் கனடாவிலை உது என்ன வேலை?" என்று கேட்பீர்கள். என் மனுசி மெற்றில்டா இருபது வருஷமாக அதைத்தான் கேட்கிறாள். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்த மனிசன், இஞ்சை வந்து துவக்குக்குச் சாப்பாடு தீத்திறார்" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு போன வருஷத்தோடு நின்றுவிட்டது. பகிடி விடாத மெற்றில்டாவோடு இருப்பது பற்றரி கழற்றிய மணிக்கூட்டோடு இருப்பது மாதிரி.

2

முதலில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். நான் வேலை செய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன் டக் என்கிற வெள்ளைக்காரன். வடக்குப் பக்கத்துக் காட்டுக்காரன். ஒவ்வொரு நவம்பரும் ஒரு கிழமை லீவு போட்டு மான் வேட்டைக்குப் போவான். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு பொதி இறைச்சி தருவான். மூன்றாம் வருஷம், "சும்மா தின்னாமல் வந்து சுமக்கப் பார்" என்றான். போனேன். சனமே இல்லாத காட்டில், விடியப்புறம், ஒரு மரத்துக்குக் கீழே மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்தேன். கனடா வந்து ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் விட்ட முதல் மூன்று மணித்தியாலம் அதுதான். அதுக்குப் பிறகு விட முடியவில்லை.

லைசன்ஸ் எடுக்க வகுப்புக்குப் போகவேண்டும், சோதனை எழுதவேண்டும். வாய்மொழிச் சோதனையில் "ரைபிள் மெடிசின்" என்று சொல்லிப்போட்டேன். படிப்பிக்க வந்த மனிசன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! விண்ணப்பத்தில் மனைவியும் கையெழுத்து வைக்கவேண்டும். மெற்றில்டா அந்தப் படிவத்தைப் பிறிட்ஜ் கதவில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டி மூன்று மாதம் வைத்திருந்தாள். "மாதா சொல்லட்டும், வைக்கிறன்" என்றாள். மாதா என்ன சொன்னாவோ தெரியாது. ஒரு நாள் கையெழுத்து இருந்தது.

படிவங்களை நிரப்பியது ஷரோன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கோ. வரிப் படிவம், வாடகைப் படிவம், மெற்றில்டாவின் ஆஸ்பத்திரிப் படிவம் எல்லாம் அவள்தான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்னைப் பார்த்துக் கேட்பார், நான் பிள்ளையைப் பார்ப்பேன், பிள்ளை பதில் சொல்லும். தமிழில் என்றால் நான் வாய் மூடாதவன், ஊருக்கே தெரியும். படிவத்தைக் கண்டால் மட்டும் என் நாக்கு உள்ளே போய்விடும். எனக்கு அது வெட்கமாகக்கூட இருக்கவில்லை. இங்கே எங்கள் வீடுகள் எல்லாம் அப்படித்தான் ஓடின.

அவளும் பதின்மூன்று வயதில் என்னோடு காட்டுக்கு வரத் தொடங்கினாள். தமிழ் வகுப்பை விட்டாள், பூசைக்கு வருவதை விட்டாள், வீட்டை விட்டு நகரத்துக்குள் அப்பார்ட்மென்ற் எடுத்துப் போனாள். நவம்பரை மட்டும் விடவில்லை. அவளுடைய துவக்கும் என் பேஸ்மென்றில், என் துவக்குக்குப் பக்கத்தில், பூட்டுக்குள்தான் இருக்கும். வருஷத்தில் மற்ற மாதங்களில் நாங்கள் டெலிபோனில் "சாப்பிட்டியே?", "ஓம்", "குளிரே?", "ஓம்" என்ற அளவோடு நிற்கிற ஆட்கள். நவம்பரில் மட்டும் தகப்பனும் மகளும்.

3

துவக்குக்காரரில் சிலபேர் கடையில் விற்கிற வெடியை, தோட்டாவை, வாங்கமாட்டார்கள். சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளைக் கோதைத் துப்பரவாக்கி, அடியில் பொறி தருகிற புதுக் கேப்பு அடித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் சன்னத்தை, பாய்கிற குண்டை, வைத்து அமத்துவார்கள். டக் எனக்கு அதைப் பழக்கினான். அதில் எல்லாம் கைவேலை, ஒன்றுதான் கணக்கு: மருந்தின் நிறை. அதை 'கிரெயின்' என்ற அளவில் நிறுப்பார்கள். ஒரு கிராமைப் பதினைந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதுதான் ஒரு கிரெயின். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கவேண்டும். கூடினால் கோதுக்குள் அமுக்கம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது துவக்குக்குத்தான் தெரியும், அது முன்கூட்டிச் சொல்லாது. "ஆத்தில போட்டாலும் அளந்து போடு" என்று எங்கடை சனம் சொன்னது இதுக்குத்தானோ என்று நினைப்பேன்.

டக் தந்த பழைய தராசு ஒன்று இருந்தது. ஒரு இரும்புச் சலாகை, ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் நகர்த்துகிற கல். வோபர்னில் இருந்து அஜின்கோர்டுக்கு வீடு மாறின அன்று அது பெட்டியோடு படியால் விழுந்தது. சலாகை தாங்குகிற கூர் மழுங்கிப் போயிற்று. டக்கும் அப்போது உயிரோடு இல்லை.

புதுத் தராசு வாங்கவேண்டும். இப்ப நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி, நான் யாரிடம் போய் விசாரித்தேன் என்பது.

என் மகள் மருந்துக் கொம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். இது உண்மையான மருந்து, குளிசை. அவளுடைய வேலையே நிறுக்கிறதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த தராசில், மூச்சு விட்டால் ஆடுகிற தராசில், நாள் முழுக்க நிறுக்கிறாள். இது எனக்கு அப்போது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதுசில், "என்ன பிள்ளை வேலை?" என்று கேட்டேன். "இற்ஸ் கொம்ப்ளிகேற்றட் அப்பா, சொன்னா விளங்காது" என்றாள். அதுக்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆறு வருஷம் போய்விட்டது.

நான் போனது மெற்றில்டாவின் தமையன் வின்சனிடம். அவனுக்கு அஜின்கோர்டில் நகைக்கடை. "தராசுக்கு ஏன் மச்சான் வெள்ளைக்காரன்ர கடைக்குப் போறாய்?" என்று தன்ரை மேசையில் இருந்ததையே தூக்கிக் கொண்டு வந்தான். சின்ன டிஜிற்றல் தராசு, சிகரெட் பெட்டியளவு. தட்டில் ஒரு மோதிரத்தை வைத்தான். நிறை காட்டுகிற எழுத்து ஒரு துடி துடித்து நின்றது. எடுத்தான், வைத்தான், அதே எழுத்து. "இதிலை எத்தினை பேற்றை தாலிக்கொடி ஏறி இறங்கியிருக்குத் தெரியுமோ? ஒரு மனிசி வந்து குறையெண்டு சொன்னதில்லை. உன்ர வெடிக்கு இது காணாதே?"

"காணும் மச்சான், காணும்."

"வச்சுக்கொள். எனக்குப் புதுசு வருது."

பொன் நிறுக்கிற தராசுக்கு மேலே எங்கடை ஆட்களுக்கு ஒரு தராசு உண்டோ? அந்தத் தராசில் பிழை என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை.

4

அந்தச் சனிக்கிழமை வேட்டைக்கு முன்னர் குறி சரிபார்க்கப் போனோம். ஷரோன் என் பெட்டியில் இருந்து வெடி எடுத்துப் போட்டாள். முதலாவது சரி. இரண்டாவதில் கோது கொஞ்சம் இறுகி வந்தது, "ஸ்ரிஃப்பா இருக்கு அப்பா" என்றாள். "குளிர் பிள்ளை" என்றேன். மூன்றாவதின் சத்தம் வேறு. சுட்ட சத்தம் இல்லை, எதையோ கிழித்த சத்தம்: கோது கிழிந்து புகை பின்பக்கம் சீறியிருந்தது. திரும்பினால் பிள்ளை துவக்கை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தபடி நிற்கிறாள். பாதுகாப்புக் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாய்க் கறுப்பு. வலது கன்னத்தில் மிளகு தூவின மாதிரி. அந்தக் கண்ணாடி இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

விசில் ஊதி எல்லோரையும் நிற்பாட்டினார்கள். திடலுக்குப் பொறுப்பானவர் ஒரு கிளிப் பலகையோடு வந்தார். பலகையில் படிவம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று உறுதிப்படுத்திவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: இந்த வெடியை நிரப்பியது யார்?

நான் பிள்ளையைப் பார்த்தேன்.

இருபது வருஷப் பழக்கம். கவுண்டர், படிவம், கேள்வி என்றால் தலை தன்பாட்டில் அந்தப் பக்கம் திரும்பும். ஷரோன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, "ஐ டிட்" என்றாள்.

அந்த மனிசன் அதை எழுதினார். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க ஒரு முழு நிமிஷம் இருந்தது. பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள்.

திடலை நடத்துகிற கிளப் அவளை அந்தப் பருவம் முழுக்க நிறுத்தி வைத்தது. பாதுகாப்பு வகுப்பைத் திரும்ப எடுக்கச் சொன்னது. பதினைந்து வருஷமாகத் துவக்குப் பிடிக்கிறவள், பதினெட்டு வயதுப் பெடியங்களோடு போய் இருந்து, துவக்கின் வாய்ப்பக்கம் எது என்று கேட்டு எழுதினாள்.

5

திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு மிச்சப் பதினேழு வெடியையும் கழற்றினோம். அவள் தன்ரை வேலைத்தலத்தில் இருந்து பித்தளைப் படிக்கற்கள் இரவல் கொண்டுவந்திருந்தாள், ஒவ்வொன்றும் நிறை உறுதிசெய்த கல். வின்சனின் தராசில் கல்லை வைத்தாள். சரி. எடுத்து வைத்தாள். சரி.

"பாத்தியே, தராசு சரிதானே" என்றேன். என் குரலில் சந்தோஷம் இருந்ததை நினைக்க இப்பவும் கூசுகிறது.

"வெயிற் அப்பா." கல்லைத் தட்டிலேயே விட்டு, மருந்தை ஒவ்வொரு மணியாக, நான் போடுகிற மாதிரியே, தட்டின் விளிம்பில் தட்டித் தட்டி விழுத்தினாள். மருந்து விழுந்துகொண்டே இருந்தது. எழுத்து அசையவில்லை. நான் எண்ணிக்கொண்டு நின்றேன், பன்னிரண்டு மணி, பதின்மூன்று மணி, எழுத்து அப்படியே. பிறகு தட்டைத் தூக்கித் திரும்ப வைத்தாள். எழுத்து குதித்தது.

"மோதிரம் ஒரே தரமாய் விழும். அதுக்குச் சரி. கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட்டால் இது கணக்கெடுக்காது. காத்தெண்டு நினைச்சுத் தள்ளிவிடும். நீங்கள் இன்னும் காணாதெண்டு போட்டிருக்கிறியள்."

பதினேழில் பதினொன்றில் மருந்து கூட. எல்லாம் ஒரே அளவு கூடவும் இல்லை, எனக்கு எந்த நேரம் பொறுமை போனதோ அந்த அளவு.

"உனக்கு உதெல்லாம் எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

ஷரோன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தட்ஸ் மை ஜொப், அப்பா."

அடுத்த நாள் வின்சனிடம் தராசைக் கொண்டுபோனேன். கடையில் இரண்டு பெண்கள் காப்பு பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மச்சான், இது பிழை விட்டுட்டுது" என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு எப்பவும் இடம் பொருள் ஏவல் தெரியாது, தெரியவேண்டிய இடத்தில்தான் மூடிக்கொள்ளும்.

வின்சனின் முகம் சிவந்தது. "என்ர தராசு பிழையோ? ஆக்கள் நிக்கினம், பாத்துக் கதை."

"தங்கத்துக்குச் சரி. மருந்துக்குத்தான்..."

"மருந்துக்கு எண்டு நான் தந்தனானோ? நீ கேட்டாய், தந்தன். நிறுக்கத் தெரியாதவனுக்குத் தராசு கூடாதாம்!"

அவன் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். பழமொழி என்றால் எனக்கு வெற்றிலை மாதிரி, வாயில் எப்பவும் ஒன்று கிடக்கும். "தாய்ப் பொன்னிலும் மாப் பொன் எடுப்பான் எண்டு சும்மாவே சொன்னவங்கள்" என்று விட்டேன். நகை செய்கிறவன் பெற்ற தாயின் பொன்னிலும் சுரண்டுவான் என்கிற, நாக்குக் கூசவேண்டிய ஏச்சு அது. காப்புப் பார்த்த பெண்கள் காப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார்கள்.

மெற்றில்டாவின் ஒரே சகோதரம் அவன். நத்தாருக்கு வரவில்லை. ஈஸ்டருக்கு வரவில்லை. பூசையில் நாங்கள் இடப்பக்கம் என்றால் அவர்கள் வலப்பக்கம். பனையால விழுந்தவனை மாடேறி மிதிச்ச கதை என்பார்கள். இங்கே விழுந்தவனும் நான், மாடும் நான்.

6

ஊரில் உங்களுக்கு இது தேவைப்படாது. ஆனாலும் இங்கே எங்கடை ஆட்களில் இந்தப் பழக்கம் உள்ள இரண்டொருவர் என்னிடம் கேட்கிறார்கள், ஆகவே எழுதிவிடுகிறேன்.

டிஜிற்றல் தராசு கூடாது என்று இல்லை. மருந்து நிறுக்க என்று செய்ததை வாங்குங்கள், நகைக்கு என்று செய்ததை வாங்காதீர்கள். அதிலும் மணி மணியாகப் போட்டால் எழுத்து நகருகிறதா என்று முதலில் பாருங்கள். நகராவிட்டால் பெட்டியில் போட்டுக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள், பழமொழி சொல்லாமல். சூடாகி நிலைக்கு வர அரை மணித்தியாலம் விடுங்கள். ஹீற்றர் காற்று வருகிற துவாரத்துக்குக் கீழே வைக்காதீர்கள், என்னுடையது அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் தட்டைத் தூக்கித் திரும்ப வைத்துப் பாருங்கள்.

எனக்கென்றால் இனிச் சலாகைத் தராசுதான். மெதுவானது. பற்றரி இல்லை, தானாக எதையும் முடிவெடுக்கிற புத்தியும் இல்லை. ஒரு மணி போட்டால் ஒரு மணிக்கு ஆடும். ஆனால் அதையும் நம்பக்கூடாது. நிறை தெரிந்த படிக்கல் வாங்கி, நீங்கள் நிறுக்கப்போகிற அளவுக்குக் கிட்டின கல்லாக வைத்து, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பாருங்கள்.

இதெல்லாம் ஷரோன் சொன்னது. ஒரு முழுப் பின்னேரம் இருந்து சொன்னாள். அவளுடைய வேலை என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. விளங்காத அளவுக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

7

இந்த வருஷம் புதுச் சலாகைத் தராசு வாங்கினேன், படிக்கற்களும் வாங்கினேன். இருபது கோதில் மருந்து நிறுத்துப் போட்டு, சன்னம் வைக்காமல், மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு ஷரோனை அழைத்தேன். போன ஞாயிறு வந்தாள். ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இருந்தாள். இருபதையும் ஒவ்வொன்றாகக் கொட்டி, கையோடு கொண்டுவந்த தன்ரை தராசில் நிறுத்து, ஒரு கடதாசியில் எழுதித் திரும்பக் கோதுக்குள் போட்டாள். ஒன்றரை மணித்தியாலம். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போயிற்று. சோதனை மறுமொழிக்கு நிற்கிற பெடியன் மாதிரி அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"எல்லாம் சரி அப்பா. பெர்ஃபெக்ற். நான் லாபிலை செய்யிறதைவிட நீற்."

அன்றைக்கு முழுக்க நான் பாட்டுப் படித்துக்கொண்டு திரிந்தேனாம், மெற்றில்டா சொன்னாள். சன்னத்தை வைத்து அமத்தி, பெட்டியில் அடுக்கி, மேலே ஷரோன் என்று எழுதினேன்.

இன்று காலை அவள் தன்ரை துவக்கை எடுக்க வந்தாள். இந்த முறை அவளுடைய சிநேகிதர்களோடு வடக்கே போகிறாள். என்னையும் கேட்பாள் என்று பை அடுக்கி வைத்திருந்தேன். பையை அவள் காணவில்லை, அல்லது கண்டும் பேசவில்லை. மெற்றில்டா இடியப்பப் பார்சல் கட்டிக்கொண்டு குசினியில் நின்றாள். நான் வெடிப் பெட்டியோடு காருக்குப் பின்னால் போனேன். டிக்கி திறந்திருந்தது. உள்ளே, நித்திரைப் பைக்குப் பக்கத்தில், கடையில் வாங்கின வெடி இரண்டு பெட்டி, பொலித்தீன் கிழிக்காமல்.

"இது எதுக்குப் பிள்ளை? நீதானே நிறுத்துப் பாத்தனி?"

"ஓம் அப்பா."

"பிழை இருக்கோ?"

"ஒரு பிழையும் இல்லை."

"அப்ப?"

டிக்கியின் விளிம்பில் கையை ஊன்றினாள். கன்னத்தில் இரண்டு புள்ளி இன்னும் போகவில்லை, பகல் வெளிச்சத்தில் தெரிகிறது.

"தராசிலை எனக்குக் கோவம் இல்லை. தராசுக்கு என்ன தெரியும். அண்டைக்கு அந்த ஆள் உங்களைத்தான் கேட்டவர், என்னை இல்லை. நான் 'ஐ டிட்' எண்டு சொன்னது, நீங்கள் 'நோ, நான்தான்' எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சு. சொல்லேல்லை. திரும்பி வரேக்க ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடினனாங்கள். அப்பவும் சொல்லேல்லை. ஒரு வருஷம், அப்பா."

என்னிடம் எத்தனை ஆயிரம் பழமொழி இருக்கிறது. ஆனால், பழமொழி கேட்கவில்லை அவள், ஒரு வசனம்தான் கேட்டாள். அதையும் நான் சொல்லவில்லை. "குளிருது, ஜக்கெற்றைப் பூட்டு பிள்ளை" என்றேன்.

பூட்டினாள். என் கையில் இருந்த பெட்டியை வாங்கினாள். மேலே எழுதியிருந்த தன்ரை பெயரைப் பார்த்தாள். திரும்ப என் கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மடித்துவிட்டாள்.

"நீங்கள் வச்சிருங்கோ. ஐ லவ் யூ, ஓகே?"

இடியப்பப் பார்சலை வாங்கிக்கொண்டு, தாய்க்கு இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுப் போனாள். கார் சந்தியில் திரும்பும்வரைக்கும் மெற்றில்டா கை காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாக இந்த வீட்டில் பேச்சு வார்த்தை திரும்பவேண்டும் என்று நேர்த்தி வைத்திருக்கிறவள் அவள். திரும்பி என் முகத்தைப் பார்த்து, கண்ணெல்லாம் வெளிச்சமாகக் கேட்டாள்:

"பிள்ளை உங்கடை வெடியைக் கொண்டு போயிட்டாளே?"

"ஓம்" என்றேன்.

பெட்டி என் ஜக்கெற் பொக்கற்றுக்குள் இருந்தது. ஜக்கெற்றைக் கழற்றாமலே பேஸ்மென்றுக்கு இறங்கினேன்.